ராசியான இறகு

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் பதினேழு வருடம் ஒரே காம்பவுண்டுக்குள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாழ்ந்த பிறகு. எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று சொன்னால் குழாயே சிரிக்கும். அதனால் நான் சொல்வதில் பாதியையாவது நம்புங்கள்.

அவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்பேன். தெருவுக்கு அவர் வார்டக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக ஆயா வேலை. காய்ச்சல் வார்டுக்குச் சிவப்பு வாளி, பிரசவ வார்டுக்கு நீல வாளி. வாளி மாறினால் தொலைந்தது கதை. ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவர் காய்ச்சல் வார்டிலிருந்து நேரே பிரசவ வார்டுக்குள் நுழையப் போக, அண்ணி துடைப்பக் கட்டையை வாசலுக்குக் குறுக்கே நீட்டி, "கை கழுவிட்டு உள்ள போங்க சார்" என்றாராம். டாக்டரும் கழுவிவிட்டுத்தான் போனாராம். இந்தக் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் குறைந்தது இருநூறு தடவை கேட்டிருக்கிறேன்.

இவ்வளவு சுத்தம் பார்க்கிற மனுஷிக்குக் கோழி விஷயத்தில் மட்டும் அந்தக் கண் மூடியிருந்தது. கொல்லையில் பத்தொன்பது கோழிகள் வைத்திருந்தார். பிள்ளை குட்டி இல்லாத அண்ணிக்கு அவைதான் எல்லாம். பெரிய கோழிக்கு, ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் மாதிரி, மேட்ரன் என்று பேர். அது நடக்கிற நடையைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். ஆஸ்பத்திரியில் ஓடியாடிக் களைத்து வந்தாலும் செருப்பைக் கூடக் கழற்றாமல் முதலில் கொல்லைக்குத்தான் போவார்.

அங்கே அவர் ஆயா இல்லை, டாக்டர். கோழிக்குச் சளி பிடித்து மூக்கடைத்தால், நீளமான இறகு ஒன்றின் நுனியில் மட்டும் கொஞ்சம் மயிரை விட்டுவிட்டு மற்றதை உருவிவிடுவார். அதை எண்ணெயில் முக்கி, கோழியின் மூக்குத் துவாரத்தில் விட்டு லேசாகத் திருப்புவார். சளி கம்பியாக வெளியே வரும். கோழி தலையை உதறிவிட்டு, உயிர் வந்த மாதிரி மூச்சு விடும். வேலை முடிந்ததும் இறகைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொள்வார். மூன்று வருடமாக அதே இறகு.

அதே இறகு என்பதுதான் விசேஷம். ஒருமுறை நுனி மழுங்கிவிட்டதென்று அண்ணி புது இறகு செய்துகொண்டு தையல்காரர் வீட்டுக்குப் போனார். தையல்காரரின் மனைவி கோழியைக் கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். "அந்தப் பழசையே கொண்டாங்க அக்கா. அதுதான் ராசி" என்றாள். அண்ணி முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! திரும்பி வந்து பழசையே எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த இறகை மாற்றும் பேச்சே இல்லை. "எங்க அக்கா நான் தூங்கும்போது என் மூக்குலயும் விட்டுப் பார்த்திருப்பாங்க" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

எங்கள் தெருவின் கடைசி வீடு, மரம் அறுக்கிற பட்டறையைத் தாண்டி இருக்கிறது. அதில் இருப்பவள் முட்டைக்காரப் பொண்ணு. புருஷன் தூர தேசத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனான், போனவன் போனவன்தான். இரண்டு சின்னப் பிள்ளைகள், அறுபது முட்டைக் கோழிகள். விடிந்தால் முட்டைக் கூடை பேக்கரிக்குப் போகும், அப்புறம்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அந்த அறுபதும் போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் என் ஈரக்குலை நடுங்கியதெல்லாம் இதற்காகத்தான்.

அது தூசிக்காற்று அடித்த வாரம். செவ்வாய்க்கிழமை டீக்கடைக்காரர் கூப்பிட்டனுப்பினார். முந்தின வாரம் தெருவோடு போன வண்டிக்காரனிடம் சேவல் ஒன்று வாங்கியிருந்தார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். சேவலின் முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிக் கிடந்தது. கண்ணோரத்தில் நுரை. மூக்கிலிருந்து வடிந்ததில் ஒரு நாற்றம். சாதாரணச் சளியில் அப்படி நாறாது. அண்ணியும் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கொண்டையிலிருந்து இறகை எடுத்தார். வேலையை முடித்தார், தலைப்பில் துடைத்தார், செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், "ஊர்ல சளி சுத்துது, நம்மளதுக்கும் முன்கூட்டியே பார்த்துடுவோம்" என்று பத்தொன்பது கோழிக்கும் ஒன்றுவிடாமல் மூக்கைச் சுத்தம் செய்தார். நான்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். புதன்கிழமை தையல்காரர் வீட்டுக்குப் போனார். வியாழக்கிழமை சாயங்காலம் ரிட்டயர்டு டீச்சர் வீட்டுக்கு.

ஆனால் அந்த வியாழக்கிழமை காலையிலேயே எங்கள் கூண்டில் ஆரம்பித்திருந்தது. கதவைத் திறக்கப் போன நான் கை வைத்தபடியே நின்றுவிட்டேன். எப்போதும் கேட்கிற கொக்கரிப்பு இல்லை. உள்ளே இருட்டில் ஏதோ கொதிக்கிற மாதிரி களகளவென்று ஒரு சத்தம். அது மூச்சு. ஒன்று விட்ட மூச்சு முடிவதற்குள் இன்னொன்று இழுக்கிற மூச்சு. நடுவில் "ப்ச்" என்று ஒரு தும்மல், தொடர்ந்து ஒன்பது பத்து தும்மல். அண்ணியைக் கூப்பிட ஓடினேன்.

அண்ணி வந்து மேட்ரனை எடுத்து அதன் முதுகில் காதை வைத்துக் கேட்டார். அதன் ஒரு கண் அதற்குள் சின்னதாகியிருந்தது. "ஒண்ணுமில்ல, தூசி" என்றார். சொன்னது எனக்கல்ல, தனக்கே. பிறகு இறகை எடுத்து, ஒவ்வொன்றாக, மறுபடியும் பத்தொன்பதுக்கும்.

வெள்ளிக்கிழமை பதினோரு கோழி தீனிப் பக்கம் வரவில்லை. மேட்ரன் செத்துப்போனது. டீக்கடைச் சேவலும் போனது. தையல்காரர் வீட்டில் ஆரம்பித்துவிட்டது. தெருவில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். காற்றில் வருகிறது என்றார்கள், தண்ணீரில் வருகிறது என்றார்கள், மனுஷருக்கும் ஒட்டும் என்று ஒருவர் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டார். என் சின்ன மகள் இரண்டு தடவை இருமினாள். தண்ணீர் புரையேறித்தான் இருமினாள், என் கண்முன்னால்தான் குடித்தாள். இருந்தும் அன்று அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவளே கையைத் தட்டிவிட்டாள். சனிக்கிழமை காலை டீச்சர் வீட்டிலும் தும்மல் கேட்டது.

இனி இறகை நம்பிப் பயனில்லை என்று எனக்குப் பட்டது. அண்ணியிடம் சொல்லத் துணிச்சல் இல்லை. அவர் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, நோய்ப்பட்ட கோழி ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். கையுறை போட்டுக்கொண்டு, கோழியின் மூக்கை அமுக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், பஞ்சுக் குச்சியால் துடைத்துக் குப்பியில் போட்டாள். எந்தெந்த வீட்டில், எந்தெந்த நாளில் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்லத் தாளில் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"இது காத்துல வந்ததா இருந்தா எல்லா வீட்டுலயும் கிட்டத்தட்ட ஒரே நாள்ல ஆரம்பிச்சிருக்கணும். இங்க பாருங்க, வியாழன், வெள்ளி, சனின்னு வரிசையா வந்திருக்கு. யாரோ வீடு வீடா நடந்து போய்க் குடுத்த மாதிரி இருக்கு" என்றாள். "யாராவது எல்லா வீட்டுக் கோழியையும் தொட்டாங்களாம்மா? தட்டு, கூடை ஏதாவது கை மாறுச்சா?"

நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். செவ்வாய், எங்கள் வீடு. புதன், தையல்காரர். வியாழன், டீச்சர். ஒவ்வொன்றுக்கும் சரியாக இரண்டு நாள் கழித்து.

"ஒரு இறகு" என்றேன்.

விவரம் கேட்டதும் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இந்த நோய் இருக்கிறதே மூக்குல வடியற அந்தத் தண்ணியிலதான்" என்றாள். தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்துப் பொடி தந்தாள். பறவைக் காய்ச்சலாக இருக்காது என்று தோன்றுகிறது, இருந்தாலும் பரிசோதித்துச் சொல்கிறேன், அதுவரை கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்றாள். நோய்ப்பட்டதைத் தனியாக வையுங்கள், நல்லதைப் பார்த்துவிட்டு அப்புறம் நோய்ப்பட்டதிடம் போங்கள், செருப்பை மாற்றுங்கள், புதுக் கோழி எதையும் கொண்டுவராதீர்கள் என்றாள். கடைசியாகச் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

"பொழைச்சு எழுந்த கோழியும் இதை மூக்குலயே வச்சிருக்கும். பார்த்தா நல்லா இருக்கும். பக்கத்துல இருக்கிறதுக்குக் குடுத்துடும். அதனால எதையும் யாருக்கும் குடுக்காதீங்க. உங்க தெருவுல இன்னும் வராத வீடு இருக்கா?"

"கடைசி வீடு. அறுபது கோழி."

"அங்க அந்த இறகு போகாம பார்த்துக்கங்க."

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் சாவகாசமாகப் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்க அக்கா எங்க?" என்றேன்.

"முட்டைக்காரப் பொண்ணு ஆள் அனுப்பியிருந்தா. ஒரு கோழி தும்முதாம். இப்பதான் கிளம்பிப் போனாங்க. நீ எங்க போனே?"

அட்டைப்பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பாதித் தெருவில் செருப்பு வார் அறுந்தது, அதையும் விட்டுவிட்டு ஓடினேன். மரப் பட்டறையில் அறுக்கிற வாள் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி கேட் முன்னால் நிற்பது தெரிகிறது. "அண்ணி! அண்ணி!" என்று கத்துகிறேன், என் காதுக்கே கேட்கவில்லை. வெளியாட்களைப் பார்த்தால் கோழிகள் மிரண்டு முட்டை நிறுத்திவிடும் என்று முட்டைக்காரப் பொண்ணு யாரையும் உள்ளே விட மாட்டாள். அன்றும் தும்மின கோழியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து, அண்ணியின் கையில் கொடுத்திருந்தாள். அண்ணி தலையைக் குனிந்தார். இறகு உள்ளே போய் வெளியே வந்ததைப் பார்த்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு மூக்கு முடிந்திருந்தது. அடுத்த மூக்குக்கு இறகை வைத்திருந்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"எடுங்க அண்ணி! எடுத்துடுங்க!"

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றார். பதினேழு வருடத்தில் என்னை அவர் 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

முட்டைக்காரப் பொண்ணு பக்கத்தில் நிற்கிறாள். வீட்டுக்கு வாங்க, தனியாகச் சொல்கிறேன் என்று சமாளித்திருக்கலாம். அவள் அந்தக் கோழியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயத்தில் அங்கேயே போட்டு உடைத்தேன். செவ்வாய், புதன், வியாழன். எங்கள் வீடு, தையல்காரர், டீச்சர். ஒவ்வொன்றிலும் இரண்டு நாள் கழித்து ஆரம்பித்தது. "காத்து இல்ல அண்ணி. இந்த இறகு."

அதற்குள் பட்டறையில் வாளை நிறுத்தியிருந்தார்கள். அண்ணி விரலை மடக்கி ஒவ்வொரு வீடாக எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"சிவப்பு வாளி" என்றார். எனக்குப் புரியவில்லை. "சிவப்பு வாளியைத் தூக்கிக்கிட்டுப் பிரசவ வார்டுக்குள்ள போயிருக்கேன். மூணு வருஷமா போயிருக்கேன்."

முட்டைக்காரப் பொண்ணு இரண்டு கையையும் நீட்டினாள். "என் கோழியைக் குடுங்க அக்கா."

"குடுக்க மாட்டேன்."

"அக்கா, அது தூசிக்குத்தான் தும்முச்சு. பட்டறைத் தூசி. அது நல்லா இருக்கிற கோழி அக்கா."

"தெரியும்மா. அதனாலதான் குடுக்க மாட்டேன். இது திரும்ப உள்ள போகக் கூடாது." அண்ணி கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு நாலடி பின்னால் போனார். ஆஸ்பத்திரிக் குரல் வந்துவிட்டது. "நீ உள்ள போகாதே. செருப்பை இங்கயே கழட்டு. சோப்பு கொண்டுவரச் சொல்லி வெளியவே முழங்கை வரைக்கும் கழுவு. புடவையை மாத்திட்டுத்தான் கூண்டுப் பக்கம் போகணும். அதுவரைக்கும் ஒண்ணைக்கூடத் தொடாதே, கேட்டியா?"

அவள் அப்படியே செய்தாள். ஆனால் செய்துகொண்டே அண்ணியைப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். காலையில் ராசிக்காரி என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்ட அண்ணியை, இப்போது பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அண்ணி டீக்கடை அடுப்பில் இறகைப் போட்டார். அது பொசுங்குகிற நாற்றத்திலேயே நின்றுகொண்டு டீக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். "உங்க சேவல்கிட்டேருந்து எடுத்து எல்லாருக்கும் குடுத்தது நான்தான்." பிறகு தையல்காரர் வீடு, டீச்சர் வீடு. எங்கேயும் படியேறவில்லை, தெருவில் நின்றபடியே சொன்னார். எட்ட நிற்கச் சொன்னவர் யாருமில்லை, அவராகவே நின்றார். தையல்காரரின் மனைவிக்கு நாலு கோழி போயிருந்தது. "வார்டு வார்டா கழுவறீங்களே அக்கா, இந்த அறிவு வேண்டாமா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். ராசி, ராசி என்று பழைய இறகையே கேட்டு வாங்கியது யார் என்று என் வாய் துறுதுறுத்தது. அண்ணி என் கையை அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலத்துக்குள் கொல்லை ஆஸ்பத்திரியாகிவிட்டது. நோய்ப்பட்டது ஒரு பக்கம், தும்மாதது ஒரு பக்கம், நடுவில் சாக்குத் தடுப்பு. தட்டு தனித்தனி, கொல்லைக்கென்று தனிச் செருப்பு, வாசலில் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர். முட்டைக்காரப் பொண்ணின் கோழி மட்டும் வீட்டின் முன்பக்கம், பழைய பீரோவின் கீழ்த்தட்டில், கம்பி வலை போட்டுத் தனியாக. விடிந்ததும் அண்ணி முதலில் அதைத்தான் பார்ப்பார், கை கழுவிவிட்டு, மற்றதைத் தொடுவதற்கு முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை அது நன்றாகத் தின்றது. முட்டைகூட வைத்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "இறகுல அப்ப ஒண்ணும் இல்லாம இருந்திருக்குமோ அண்ணி?" என்று கேட்டேன். அவர் கம்பி வலையை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டினார். நாங்கள் இருவரும் பயந்தது ஒன்றுதான். அந்தக் கோழியை வாங்க நீட்டிய கை, அது உதறியபோது தெறித்த துளி, அவள் முந்தானை, அவள் பாதம். ஒரு துளி போதும், மிச்சம் ஐம்பத்தொன்பதுக்கும்.

திங்கட்கிழமை காலை அண்ணி பீரோ முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். டூட்டிக்குக் கிளம்பவில்லை. நான் அருகில் போனதும் விரலை உதட்டில் வைத்தார். உள்ளே களகளவென்று அந்தச் சத்தம். பிறகு ஒரு தும்மல்.

அன்று மதியம் டாக்டரம்மா போன் செய்தாள். பறவைக் காய்ச்சல் இல்லை, வேறு நோய், மனுஷருக்கு ஒட்டாது என்றாள். என் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அண்ணி, "அந்த அம்பத்தொம்பதுக்கும் எத்தனை நாளைக்குப் பயப்படணும்?" என்று மட்டும் கேட்கச் சொன்னார். இரண்டு வாரம் என்றாள்.

இரண்டு வாரமும் அண்ணி தினமும் காலையில் மரப் பட்டறை வரைக்கும் நடந்து போவார். அதற்கு மேல் ஓரடி வைக்க மாட்டார். அங்கே நின்று, வாள் நிற்கும்வரை காத்திருந்து, "தும்முதா?" என்று கத்துவார். உள்ளேயிருந்து "இல்ல" என்று வரும். முதல் நாட்களில் 'அக்கா' என்று சேர்க்கவில்லை அவள். அந்த 'இல்ல' வரும்வரை அண்ணி அங்கிருந்து நகர மாட்டார், நானும் பக்கத்தில் நிற்பேன். ஒருநாள் பதில் வரத் தாமதமானது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அன்று அண்ணி பட்டறையின் மரக்கட்டை மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் எங்கள் பத்தொன்பதில் ஏழு போய்விட்டன. மிச்சம் பன்னிரண்டும் மருந்தில் தேறின. முட்டைக்காரப் பொண்ணின் கோழியும் தேறியது. பார்த்தால் எதற்கும் ஒரு குறையும் தெரியாது. அண்ணி அவற்றையெல்லாம் ஒன்றாக அடைத்துத் தடுப்பைப் பலமாக்கினார். இதிலிருந்து ஒன்று வெளியே போகாது, வெளியிலிருந்து ஒன்று உள்ளே வராது, கடைசிக் கோழி சாகிறவரைக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்.

பதினைந்தாம் நாள் காலை வழக்கம்போலப் பட்டறையில் நின்று கேட்டார். பதில் வரவில்லை. கேட் திறந்தது. முட்டைக்காரப் பொண்ணு முட்டைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே கோழிகள் கொக்கரிக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

"அம்பத்தொம்பதும் நல்லா இருக்கு அக்கா. உள்ள வாங்க. வந்து உங்க கண்ணால பாருங்க" என்றாள். இதுவரை யாரையும் உள்ளே கூப்பிடாதவள்.

நான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். அண்ணி என் புடவையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம்மா" என்றார். "நல்லா இருந்த கோழி ஒண்ணு என் கை பட்டு மூணாம் நாள் தும்முச்சு. என் கை படாத அம்பத்தொம்பதும் நல்லா இருக்கு. நீ கேட்டைச் சாத்திக்க."

அவள் சாத்தவில்லை. அண்ணிதான் இன்னும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.